லயத்து மருந்தும் மாணவர் ஒழுக்கமும்

சீனாவில் மருத்துவம் பயில்வோர், ஏழாம் நூற்றாண்டு வைத்தியர் சுன் சிமியாவ் எழுதிய ஒழுக்கக் கட்டுரையை இன்றும் படிக்கின்றனர். நோயாளி செல்வரா ஏழையா, உயர்ந்தவரா தாழ்ந்தவரா என்று நோக்காது, உறவினராகவே கருதிச் சிகிச்சை செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். மரபு மருத்துவத்தின் வழியே மாணவருக்கு அறம் புகட்டும் இம்முயற்சியை வாசித்தபோது, என் மனம் மலையகத்துக்கே சென்றது.

அங்கே மருத்துவத்தின் வரலாறு சற்றுக் கசப்பானது. மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கி நடந்துவந்த கோப்பித் தொழிலாளர்களில் எத்தனையோ பேர் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலியாயினர். 1872இலும் பின்னர் 1912இலும் மருத்துவத் தேவைகள் சட்டங்கள் வந்தன. ஆயினும் தொழிலாளியின் உடல்நலம் துரையின் பொறுப்பில், தோட்டக் கணக்கோடு பிணைந்தே கிடந்தது. 1861இல் ஹக்கலையில் சிங்கோனாச் செய்கைக்கெனத் தோட்டம் அமைத்தார்கள். அந்தீஸ் மலைமக்களின் காய்ச்சல் மருந்தன்றோ அது! கோப்பியை இலைநோய் அழித்தபின் துரைமார் சிங்கோனாவை ஏராளமாக நட்டனர். சந்தையில் விலை வீழ்ந்ததும் பிடுங்கிவிட்டுத் தேயிலை வைத்தனர். மருந்து மரமாயினும் இலாபமே அதன் ஆயுளைத் தீர்மானித்தது.

லயத்திலோ வேறொரு நியாயம் நிலவியது. கொத்தமல்லி, இஞ்சிக் கசாயமும் வல்லாரையும் கேட்டவர்க்கெல்லாம் கிடைத்தன. வெற்றிலை பாக்குக்கு மேல் எதையும் வாங்காத மருத்துவச்சிகளை நானே கண்டிருக்கிறேன். இதைப் போற்றிப் பாடிவிட்டால் மட்டும் போதாது. கைமருந்தை மகனுக்கன்றி வேறெவருக்கும் சொல்லாமலே மறைந்த வைத்தியர்களும் நம்மவர்களே. அந்த ஒளிப்பும் ஓர் ஒழுக்கக் கேடுதான்.

1961ஆம் ஆண்டின் ஆயுள்வேதச் சட்டம் சித்த மருத்துவத்தையும் உள்ளடக்கியது. 1984இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவப் பட்டப்படிப்பு தொடங்கியது. ஆனால் நான் சொல்வது வைத்தியராகப் போகிறவர்களை மட்டுமல்ல. கொட்டகலையிலும் பத்தனையிலும் ஆசிரியப் பயிற்சி பெறும் இளைஞர்கள், தம் பாட்டிமாரிடம் கேட்டு மூலிகையின் பெயர், அளவு, ஆபத்து மூன்றையும் எழுதிவைக்கட்டும். அதே மேசையில் 1912ஆம் ஆண்டுச் சட்டத்தையும் விரித்துப் படிக்கட்டும். இலவசமாய்க் கொடுத்தவர் யார், கணக்குப் பார்த்துக் கொடுத்தவர் யார் என்பது அப்போது விளங்கும்.

நான் அறிந்த மருத்துவச்சி ஒருவர், மூன்றாம் நாளும் காய்ச்சல் தணியாவிட்டால் கசாயச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க" என்பார். பிள்ளையைத் தூக்க ஆளில்லாத வீட்டுக்கு அவரே கூடப் போவார்.