போரைக் காப்பாற்றிய ஒற்றை வாக்கு

அமெரிக்க விடுதலைப் போரில், ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ் யார்க்டவுனில் சரணடைந்தது 1781 அக்டோபர் 19. பின்னாளில் கவர்னர் ஜெனரலாக இங்கே வந்து திப்புவோடு மோதிய அதே கார்ன்வாலிஸ்தான். செய்தி கடல் கடந்து லண்டனை எட்டியபோது நவம்பர் 25 ஆகிவிட்டது. பிரதமர் நார்த் பிரபு இடிந்துபோனார். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அசையவில்லை.

சட்டப்படி அவர் அசைய வேண்டிய அவசியமும் இல்லை. போர் தொடுப்பதும் சமாதானம் பேசுவதும் மன்னரின் தனியுரிமை. நாடாளுமன்றத்தின் கையில் இருந்தது கஜானா சாவிதான். படைக்கும் கப்பல்களுக்குமான பணத்தை ஆண்டுதோறும் மக்களவை ஒதுக்கியாக வேண்டும். அந்தப் பணத்துக்காக நிலவரி பவுண்டுக்கு 4 ஷில்லிங்காக ஏறியிருந்தது. அரசுக்கு வழக்கமாகக் கைதூக்கும் கிராமத்து நிலக்கிழார்களே முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அமெரிக்கர்மேல் பிறந்த பரிவைவிட வரி கொடுத்த எரிச்சல்தான் அவர்களை மாற்றியது என்பேன்.

1782 பிப்ரவரி 22 அன்று மக்களவையில் ஜெனரல் கான்வே எழுந்தார். அமெரிக்கர்மேல் விதித்திருந்த முத்திரை வரியை 1766இல் ரத்துசெய்ய அவையில் முன்னின்றவர். படைவீரர் என்பதால், கோழை என்று அவரை யாரும் ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்கப் போரைக் கைவிடச் சொன்ன அவரது தீர்மானத்துக்கு ஆதரவு 193, எதிர்ப்பு 194. ஒரே ஒரு வாக்கில் போர் பிழைத்தது. ஐந்தே நாளில் மறுபடி வந்தார். பிப்ரவரி 27 அன்று தொடங்கிய விவாதம் நள்ளிரவைத் தாண்டியது. இம்முறை ஆதரவு 234, எதிர்ப்பு 215.

அந்தத் தீர்மானத்துக்கு மன்னர் மழுப்பலாகப் பதில் சொன்னார். மார்ச் 4 அன்று அவை கான்வேயின் இன்னொரு தீர்மானத்தை வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேற்றியது: வட அமெரிக்க மண்ணில் தாக்குதல் போரைத் தொடர யோசனை சொல்பவர் எவரானாலும் மன்னருக்கும் நாட்டுக்கும் பகைவர். சூட்சுமம் இதில்தான். மன்னரின் உரிமையில் கைவைக்கவில்லை; அவருக்கு யோசனை சொல்ல ஆளில்லாமல் செய்துவிட்டார்கள். மார்ச் 20இல் நார்த் பதவி விலகினார். முடிதுறக்கும் கடிதம் ஒன்றை ஜார்ஜ் எழுதியே வைத்திருந்தார், அனுப்பவில்லை.

வேடிக்கை என்னவென்றால், பின்னர் பிரதமராகிச் சமாதானம் பேசி முடித்த ஷெல்பர்ன் பிரபுவையும் அதே அவை விடவில்லை. நிபந்தனைகள் பிடிக்கவில்லை என்று 1783 பிப்ரவரியில் அவரையும் கவிழ்த்தது.

அவையின் தீர்மானம் நிறுத்தியது அமெரிக்க மண்ணின் சண்டையை மட்டுமே. அமெரிக்கருக்குத் துணையாகக் களமிறங்கிய பிரான்சுடனான போர் மற்றக் கடல்களில் நடந்துகொண்டிருந்தது. அதை முடிக்கும் பூர்வாங்க உடன்படிக்கை 1783 ஜனவரி 20 அன்று வெர்சாயில் கையெழுத்தானது. சரியாக ஐந்து மாதம் கழித்து, ஜூன் 20 அன்று, கடலூருக்கு அப்பால் ஹியூஸின் ஆங்கிலக் கப்பல்களும் சுஃப்ரேனின் பிரெஞ்சுக் கப்பல்களும் பீரங்கியால் சுட்டுக்கொண்டன. கரையில் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலப் படை புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையை முற்றுகையிட்டிருந்தது. சமாதானச் செய்தி வந்து சேர்ந்தது அந்த மாதக் கடைசியில்தான்.