செம்பொற்கொடிக் கழகம்: நேற்றைய வீரரும் நாளைய நம்பிக்கையும்

ஆண்டு மலரில் இலக்கியமும் இசையும் கோயில் வரலாறும் இடம்பெறுவதே மரபு. கால்பந்தாட்டக் கழகம் ஒன்றைப் பற்றிய கட்டுரைக்கு இங்கே என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். ஆனால் கல்கத்தா நகரில் ஓராண்டேனும் வாழ்ந்த தமிழர் எவரும் அவ்வாறு வினவமாட்டார். இந்நகரில் குடியேறுகிறவனிடம் ஊர் எது, உத்தியோகம் எது என்ற கேள்விகளுக்கு அடுத்தபடியாக எழுவது, "மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா?" என்ற கேள்வியே. ஒன்று வென்றால் அன்று சந்தையில் இறாலுக்குக் கிராக்கி. மற்றொன்று வென்றால் உல்லம் மீனுக்குக் கிராக்கி. மீன் உண்ணாத நம் வீட்டாருக்கும் வெற்றி எவருடையது என்பதைச் சந்தைக் கூடையே அறிவித்துவிடும்.

இக்கட்டுரையாசிரியன் ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் ஆதரவாளன். நடுவுநிலை பேசுவதாகப் பாவனை செய்ய விரும்பவில்லை. எனினும் அக்கழகத்தின் வரலாற்றை எண்ணிப் பார்க்கையில், பிறந்த மண்ணை விட்டுப் பிற மண்ணில் வாழும் நம்மவர் அனைவரும் சிந்தித்தற்குரிய செய்தி ஒன்று அதில் அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது.

கழகம் பிறந்த கதை

மோகன் பகான் 1889-ல் தோன்றிய மூத்த கழகம். 1911 ஜூலை 29-ஆம் நாள் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று ஐ. எப். ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. ஒருவரைத் தவிர ஏனைய பதின்மரும் வெறுங்காலுடன் ஆடிப் பெற்ற அவ்வெற்றி, விளையாட்டின் எல்லையைக் கடந்து நாட்டின் தன்மானத்திற்கே வலிமை சேர்த்தது. அப்பெருமையை மறுப்பவர் எவருமிலர். எதிர்க்கட்சியைச் சேர்ந்த நாமும் தலைவணங்குகிறோம்.

ஈஸ்ட் பெங்கால் பிறந்ததோ வெற்றியினால் அன்று, ஒரு மனத்தாங்கலினால். 1920 ஜூலை 28-ல் மோகன் பகானை எதிர்த்து ஜோராபகான் கழகம் களமிறங்கியபோது, சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரர் அணியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். அவர் கிழக்கு வங்கத்தவர் என்பதே அதற்குக் காரணம் எனக் கருதப்பட்டது. அவரைச் சேர்க்க வேண்டுமென அக்கழகத்தின் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌதுரி வாதாடினார், பயனில்லை. அவர் பதவியைத் துறந்து வெளியேறினார். நண்பர் சிலருடன் கூடி, 1920 ஆகஸ்டு முதல் நாளில், தம் பிறந்த மண்ணின் பெயராலேயே புதிய கழகத்தை நிறுவினார். செந்நிறமும் பொன்னிறமும் அதன் சின்னமாயின.

புதிய கழகத்தின் பாதை மலர் தூவிய பாதையாக அமையவில்லை. கல்கத்தா லீக்கின் முதற்பிரிவில் இந்தியக் கழகங்கள் இரண்டுக்கு மேல் இடம்பெறலாகாது என்ற விதி அந்நாளில் நடைமுறையிலிருந்தது. அவ்விதி தளர்ந்த பின்னரே 1925-ல் ஈஸ்ட் பெங்கால் முதற்பிரிவில் நுழைந்தது. அவ்வாண்டு மே 28-ல் லீக்கில் மோகன் பகானை முதன்முறை சந்தித்தபோது நேபாள் சக்கரவர்த்தி அடித்த ஒரே கோலினால் வென்றது. பின்னர் 1930-ல் நீதி மறுக்கப்பட்டதாகக் கருதிய ஆதரவாளர்கள் தீப்பந்தம் ஏந்தி ஊர்வலம் சென்றனர் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. அந்தத் தீப்பந்தமே இன்றும் கழகத்தின் இலச்சினையாக விளங்குகிறது. 1942-ல் முதல் லீக் பட்டமும், 1943-ல் முதல் கேடயமும் கிட்டின.

1947-ல் நாடு பிளவுண்டது. டாக்காவையும் பரிசாலையும் விட்டு வந்தோர் இலட்சக்கணக்கில் இந்நகரில் அடைக்கலம் புகுந்தனர். யாதவபூரிலும் விஜயகட்டிலும் கீற்றும் மூங்கிலும் கொண்டு குடியிருப்புகளை அமைத்துக்கொண்டனர். வீடு போயிற்று, நிலம் போயிற்று, ஊர்ப்பெயர்கூட அயல்நாட்டு வரைபடத்திற்குப் போயிற்று. அவர்களுக்கு எஞ்சிய கிழக்கு வங்கம் ஒன்றே ஒன்று. அது மைதானத்தில் பதினொருவராக நின்று பந்தாடியது.

தென்னாட்டுப் பஞ்சபாண்டவர்

அகதிகளின் நெஞ்சுக்கு நெருக்கமான அக்கழகத்தைப் புகழின் உச்சிக்கு உயர்த்தியவர் யாவர்? பத்மா நதிக்கரையில் பிறந்தவரா? அல்லர். ஐவரும் விந்தியத்திற்குத் தெற்கே பிறந்தவர். வலப்புற ஓரத்தில் வெங்கடேஷ், அவருக்கு உள்ளே ஆந்திர நாட்டு அப்பாராவ், நடுவில் தன்ராஜ், இடப்புற உள்வரிசையில் பெங்களூர் அகமது கான், இடப்புற ஓரத்தில் கேரளத்து ஸாலே. கழகச் செயலாளர் ஜோதிஷ் சந்திர குஹா தேடித் திரட்டிய இம்முன்வரிசைக்கு வங்க மக்கள் "பஞ்சபாண்டவர்" என்று பெயர் சூட்டினர்.

இவர்கள் சேர்ந்து ஆடிய காலம் 1949 முதல் 1953 வரை. அக்காலத்துச் சாதனைகளை அடுக்கிப் பாருங்கள். 1949-ல் லீக், கேடயம், ரோவர்ஸ் கோப்பை என மூன்று பட்டங்கள். 1949, 1950, 1951 என மூன்றாண்டுகள் தொடர்ந்து கேடயம். 1951-லும் 1952-லும் டில்லியில் டூராண்டு கோப்பை. 1953-ல் ருமேனியாவுக்கும் சோவியத் நாட்டுக்கும் பயணம்.

ஐவரில் முதலிடம் எவருக்கு என்று கேட்பின், அகமது கானுக்கே என்பது என் துணிபு. பந்தைக் காலோடு ஒட்டவைத்தவர்போல் எதிரிகளுக்கிடையே நெளிந்து செல்வதால் அவரைப் "பாம்பாட்டி" என்று அழைத்தனர். 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில் ஆடினார். 1951-ல் டில்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். 1952-ல் ஹெல்சின்கியில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா பத்துக்கு ஒன்று என்று தோற்றபோது, அந்த ஒன்றை அடித்தவர் அவரே. படுதோல்வியிலும் தலைநிமிர்ந்து நிற்க ஒருவன் உண்டு என்பதற்கு அந்தக் கோல் சான்று.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்று. பிறந்த மண்ணைக் காரணங்காட்டி ஒருவரை ஒதுக்கியதற்கு எதிர்ப்பாகத் தோன்றிய கழகம், தன் வாயிலில் அதே கேள்வியை எழுப்பவில்லை. தெலுங்கும் மலையாளமும் கன்னடமும் உருதுவும் பேசியவரைத் தன் பிள்ளைகள் என்றே கொண்டாடியது. அகதிக் குடியிருப்பின் சிறுவன், பெங்களூர்க்காரர் ஒருவரின் பெயரைத் தன் ஊர்க்காரர் பெயராக உச்சரித்தான். வந்தேறிகள் என்று பிறர் சுட்டும் சொல்லை அறிந்த நமக்கு இதன் அருமை விளங்கும்.

பின்வந்த வீரர்கள்

தமிழ்ப்பெயர் தாங்கிய பீட்டர் தங்கராஜைக் குறிப்பிடாமல் மேலே செல்லலாகாது. ஹைதராபாத்தில் பிறந்து, சென்னைப் படைப்பிரிவில் பயின்ற இந்நெடிய கோல் காப்பாளர், 1956, 1960 ஒலிம்பிக்குகளில் ஆடியவர். 1962-ல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை இரண்டுக்கு ஒன்றாக வென்று தங்கம் பெற்ற இறுதியாட்டத்தில் கோலைக் காத்தவர். முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என மூன்று பெருங்கழகங்களிலும் ஆடி மூன்றின் அன்பையும் பெற்றார். அதே தங்க அணியில் இடம்பெற்ற அருமைநாயகம் மோகன் பகானுக்கு உரியவர். எதிரணியினராயினும் நம்மவர் என்று பெருமை கொள்வதில் தவறில்லை.

1970 முதல் 1975 வரை ஆறாண்டுகள் தொடர்ந்து லீக் பட்டம் வென்ற அணி, தனி வீரரின் பெயரால் அன்றி அணியென்ற பெயராலேயே நினைக்கப்படுவது. 1970-ல் ஈரானின் பாஸ் கழகத்தைப் பரிமள் தேயின் ஒரு கோலால் வென்றனர். சுதீர் கர்மகார் தற்காப்பிலும், சுரஜித் சென்குப்தா ஓரத்திலும் காட்டிய திறன் இன்றும் பேசப்படுகிறது. பயிற்சியாளர் பி. கே. பானர்ஜி இவர்களைச் செதுக்கினார். 1975 செப்டம்பர் 30-ல் கேடய இறுதியாட்டத்தில் மோகன் பகானை ஐந்துக்குச் சுழி என்று வென்றதை மூத்த ஆதரவாளர் வேதவாக்குப்போல் ஒப்பிப்பர்.

ஆயின் ஆர்வம் வெறியாகும்போது விளைவது யாது என்பதையும் இந்நகர் கண்டது. 1980 ஆகஸ்டு 16-ல் ஈடன் தோட்டத்தில் இவ்விரு கழகங்களும் மோதியபோது எழுந்த கலவரத்திலும் நெரிசலிலும் பதினாறு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் இரு கட்சியினரும் இருந்தனர். வெற்றிகளை எண்ணும் நாவு அந்தப் பதினாறையும் எண்ண வேண்டும்.

அவ்வாண்டிலேயே கழகத்தில் சேர்ந்த ஈரானியர் மஜீத் பிஷ்கர், 1978 உலகக்கோப்பைக்கான தம் நாட்டு அணியில் இருந்தவர். அவர் இங்கே சிறந்து ஆடிய காலம் குறுகியது. எனினும் 2019-ல் கழகத்தின் நூற்றாண்டையொட்டி அவர் மீண்டும் வந்தபோது, அவர் ஆட்டத்தைக் கண்டறியாத இளைஞரும் விமான நிலையத்தில் திரண்டனர். 1997 ஜூலை 13-ல் ஒரு இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் மோகன் பகானுக்கு எதிராக மூன்று கோல் அடித்த பாய்ச்சுங் பூட்டியா சிக்கிமின் மலைச்சிற்றூரில் பிறந்தவர். 2003-ல் சுபாஷ் பௌமிக்கின் பயிற்சியில் கழகம் ஜகார்த்தா சென்று, தாய்லாந்தின் பி.இ.சி. தேரோ சாசனா அணியை மூன்றுக்கு ஒன்றாக வென்று ஆசியான் கோப்பையைக் கொணர்ந்தது. அன்று கோல் அடித்தவருள் பூட்டியா ஒருவர், நைஜீரியர் ஒருவர், கோவா மாநிலத்தவர் ஒருவர். பாண்டவர் மரபு மாறவில்லை.

தாழ்வும் அதன் காரணமும்

2003-04-ல் மூன்றாம் முறையாகத் தேசிய லீக் பட்டம் வென்றபின், இருபதாண்டுக் காலம் அது கைகூடவில்லை. அதன் பின்வந்த ஐ-லீக்கில் நான்குமுறை இரண்டாமிடமே கிட்டியது. அந்நான்கில் கடைசியானது நம் போன்றோர்க்குத் தனிச் சோதனை. 2018-19-ல் ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியால் முந்திப் பட்டம் பெற்றது, கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி கழகம்! வாழும் ஊரின் தோல்விக்கு வருந்துவதா, பிறந்த நாட்டின் வெற்றிக்கு மகிழ்வதா என்று தமிழ் ஆதரவாளர் திகைத்தனர். இரண்டையும் ஒருசேரச் செய்வதே பொருத்தம் என்பது என் கருத்து. இரு ஊர் உடையவனுக்கு இரு நெஞ்சு இருத்தல் குற்றமன்று.

2020-ல் இந்தியன் சூப்பர் லீக்கில் சேர்ந்தபின் நிலைமை மேலும் தாழ்ந்தது. முதல் ஐந்து பருவங்களில் நான்கில் ஒன்பதாமிடம், ஒன்றில் பதினோராமிடம். 2018 தொட்டு நான்காண்டுகளில் பொருளுதவி செய்யும் நிறுவனங்கள் மூன்று மாறின. நிறுவனம் மாறுந்தோறும் பயிற்சியாளர் மாறினர், ஆட்டக்காரர் மாறினர். வெளியூராரைக் கொணர்ந்ததே கேட்டுக்குக் காரணம் என்பார் உளர். பாண்டவர் ஐவரும் வெளியூராரே அன்றோ? அவர்கள் ஐந்தாண்டுகள் ஒன்றாக ஆடினர். ஒருவர் பந்தை எங்கே தருவார் என்பது மற்றவர்க்குத் திரும்பிப் பாராமலே தெரியும். ஆண்டுதோறும் கலைத்துக் கட்டப்படும் அணிக்கு அவ்வுறவு எங்ஙனம் வாய்க்கும்? குறை பிறந்த ஊரில் இல்லை. தங்கவிடாத அவசரத்தில் உள்ளது.

நாளைய நம்பிக்கை

நம்பிக்கைக்கு இடமில்லாமற் போகவில்லை. 2023 ஆகஸ்டு 12-ல் டூராண்டு கோப்பையில், நான்காண்டுகளுக்கு மேல் நீடித்த வெற்றியின்மையை முறித்து ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை வென்றது. அவ்வாட்டத்தின் ஒரே கோலை அடித்தவர் சென்னையில் பிறந்த நந்தகுமார் சேகர். அக்கோப்பையின் இறுதியாட்டத்தில் மோகன் பகானே பழிதீர்த்துக்கொண்டது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் 2024 ஜனவரி 28-ல் புவனேசுவரத்தில், ஒடிசா அணியை அதன் சொந்த மண்ணில் மூன்றுக்கு இரண்டாக வென்று சூப்பர் கோப்பையைக் கழகம் பெற்றது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் கிட்டிய தேசியக் கோப்பை அது. பின்தங்கியிருந்த அணிக்குச் சமநிலை தேடித் தந்தவர் அங்கும் நந்தகுமாரே. 2024-25-ல் கழகத்தின் மகளிர் அணி இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது. ஆடவர் இருபதாண்டுகளாகத் தேடியதை மகளிர் கொணர்ந்தனர்.

இனிச் செய்யத்தக்கவை மூன்று எனத் தோன்றுகிறது. முதலாவது, பயிற்சியாளர் ஒருவருக்கு மூன்றாண்டேனும் அவகாசம் அளித்தல். இரண்டாவது, குஹாவைப்போல் நாடெங்கும் சென்று பதினாறு வயதுச் சிறுவரைத் தேடுதல். வடசென்னைத் தெருக்களிலும், மணிப்பூர் மலைகளிலும், மலப்புரத்து வயல்களிலும் அத்தகையோர் இருக்கின்றனர். மூன்றாவது, தேடிக் கண்டவரை நிலைத்திருக்கச் செய்தல். பொருள் கொடுத்து ஓராண்டுக்குப் பெறும் புகழைவிட, பொறுத்திருந்து பெறும் புகழே நெடிது நிற்கும்.

கிழக்கு வங்கம் என்ற நாடு இன்று வரைபடத்தில் இல்லை. அதன் மண்ணை மிதித்தறியாத பேரப்பிள்ளைகளே இன்று செம்பொற்கொடியை ஏந்துகின்றனர். அவர்களருகே நம் குழந்தைகளும் நின்று, வங்கமொழியில் முழக்கமிட்டு, வீடு திரும்பித் தமிழில் அவ்வாட்டத்தை விவரிக்கின்றனர். நீக்கப்பட்ட ஒருவருக்காகத் தோன்றிய கழகம், வருவோர் அனைவருக்கும் இடமளிக்கும்வரை வாழும், வாழ வேண்டும். அடுத்த கோப்பை எந்நாள் வரும் என்று சோதிடம் கூற இயலாது. வரும் நாளில் உல்லம் மீன் விலை ஏறும் என்பது மட்டும் உறுதி.