கணவரின் சம்மதம்: தேசவழமைச் சட்டத்தில் ஒரு நிபந்தனையின் வரலாறு

தேசவழமைக்கு உட்பட்ட யாழ்ப்பாணத்துப் பெண் தன் சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ நொத்தாரிசிடம் போனால், உறுதியில் கணவரும் கையொப்பமிட வேண்டும். காணி அவளுடையது, உறுதி அவள் பெயரில் இருக்கிறது, வரியும் அவள் கட்டுகிறாள். ஆனால் அவரது எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அது கைமாறாது. கணவர் பெற்றோர்வழி வந்த தன் முதுசக் காணியை விற்பதானால் மனைவியைக் கேட்கவேண்டிய கட்டாயம் கிடையாது. இந்த நிபந்தனையை ஆதரிப்பவர்கள் அதைத் தொன்மையான தமிழ் வழக்கம் என்கிறார்கள். எதிர்ப்பவர்களும் பெரும்பாலும் அப்படியே சொல்கிறார்கள், 'பிற்போக்கான' என்ற அடைமொழியைச் சேர்த்து. ஆவணங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை.

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது 1658இல். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் ஆளுநர் கொர்னேலிஸ் யோன் சிமோன்ஸ், வடபகுதித் தமிழரின் வழக்கங்களைத் தொகுக்குமாறு யாழ்ப்பாணத்தின் நிர்வாக அதிகாரியான திசாவை கிளாஸ் ஐசாக்ஸுக்கு உத்தரவிட்டார். ஐசாக்ஸ் அங்கே பல்லாண்டு பணியாற்றியவர். அவர் 1707 தொடக்கத்தில் அளித்த தொகுப்பு தமிழில் பெயர்க்கப்பட்டு, உள்ளூர்த் தலைவர்களான பன்னிரண்டு முதலிமார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. அவர்கள் சரியென ஒப்புக்கொண்டார்கள். தேசவழமை என்று இன்று நாம் சொல்லும் எழுத்துவடிவம் இப்படிப் பிறந்தது. சாட்சி சொன்னவர்கள் நிலமும் அடிமைகளும் வைத்திருந்த ஆண்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. தொகுப்பில் அடிமைகளுக்கென்றே ஒரு பெரும்பகுதி இருப்பது தற்செயலல்ல. பெண்களிடமோ, பனையேறியவர்களிடமோ யாரும் போய் விசாரித்ததற்குச் சான்று இல்லை.

அந்தத் தொகுப்பு குடும்பச் சொத்தை மூன்றாகப் பிரிக்கிறது. கணவன் தன் பெற்றோர்வழி கொண்டுவருவது முதுசம். மனைவி திருமணத்தின்போது பெற்றுவருவது சீதனம். இருவரும் சேர்ந்து வாழும் காலத்தில் ஈட்டுவது தேடியதேட்டம். பழைய விதிப்படி தகப்பனின் முதுசம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும், தேடியதேட்டம் இருபாலாருக்கும் போகவேண்டும். சீதனம் பெற்று வெளியேறிய மகள் அத்துடன் பிறந்த வீட்டுச் சொத்தில் உரிமை கோர முடியாது. ஆண்மக்கள் பெற்றோர் இருக்கும்வரை உழைத்ததைப் பொதுக் குடும்பத்தில் சேர்க்க வேண்டும். தாங்கள் அணியும் பொன், வெள்ளி நகைகளை மட்டும் தமக்கென வைத்துக்கொள்ளலாம். ஆண் வழியும் பெண் வழியும் தனித்தனியே ஓடும் இந்த ஏற்பாட்டில், கேரளத்துத் தாய்வழி முறையான மருமக்கத்தாயத்தின் சாயலை எச். டபிள்யூ. தம்பையா உள்ளிட்ட சட்ட அறிஞர்கள் கண்டார்கள். அதே தாய்வழிச் சாயலுள்ள மட்டக்களப்பின் முக்குவர் சட்டத்தோடு ஒப்பிட்டால் அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனால் ஐசாக்ஸின் தொகுப்பே இன்னொரு செய்தியையும் சொல்கிறது. போர்த்துக்கேயர் காலத்திலேயே வழக்கம் மாறிவிட்டது. டோம் பிலிப் மஸ்கரேஞ்ஞஸ் என்ற ஆளுநரின் காலத்தில் ஏற்பட்ட மாற்றத்துக்குப் பின், முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று பாராமல் எதிலிருந்தும் மகளுக்குச் சீதனம் கொடுக்கத் தொடங்கினார்கள் என்று அது பதிவு செய்கிறது. 'ஆதிகாலந்தொட்டு' என்று தொடங்கும் நூலே, ஆதிவழக்கம் அந்நிய ஆளுநரின் கீழ் மாறியதை ஒப்புக்கொள்கிறது. இதைவிடத் தெளிவான எச்சரிக்கை ஆய்வாளனுக்கு வேண்டியதில்லை.

சம்மதம் பற்றிய விதி அதே தொகுப்பின் கொடைப் பகுதியில் வருகிறது. கணவனோ மனைவியோ தத்தம் உடன்பிறந்தாரின் பிள்ளைகளுக்குக் காணி, தோட்டம் போன்றவற்றைத் தனியே கொடுக்க விரும்பினால் மற்றவரின் சம்மதம் வேண்டும் என்பதே பொது விதி. மனைவி இணங்காவிட்டாலும் கணவன் தன் முதுசத்தில் பத்திலொரு பங்குவரை கொடுக்கலாம். மனைவிக்கு அந்தச் சலுகை இல்லை. அவள் கணவனின் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டவள் என்று காரணமும் தரப்படுகிறது. சமத்துவம் இல்லைதான். என்றாலும் அவன் கையும் பெருமளவு கட்டப்பட்டிருக்கிறது. சொத்து தனிமனிதருடையதல்ல, வம்சவழியுடையது. அது வழிமாறிப் போகாமல் தடுப்பதே விதியின் நோக்கம். 'கணவனுக்குக் கட்டுப்பட்டவள்' என்ற காரணம் முதலிமார்களின் வாயிலிருந்து வந்ததா, திருமணத்தில் கணவனுக்கு அதிகாரம் தரும் ரோமன் டச்சுச் சட்டத்தில் ஊறிய ஐசாக்ஸின் பேனாவிலிருந்து வந்ததா என்று பிரித்தறிவது கடினம். இரண்டும் ஒன்றையொன்று தாங்கிப்பிடித்தன என்றே எனக்குத் தோன்றுகிறது.

விதவை மறுமணம் செய்தால் முதல் கணவனின் பிள்ளைகளுக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்றும் அதே தொகுப்பு விரிவாகப் பேசுகிறது. விதவை மறுமணம் அங்கே அதிர்ச்சிக்குரிய செய்தியே அல்ல, பங்கீட்டுக் கணக்கு மட்டும்தான். பிற்காலத்து யாழ்ப்பாண ஆசாரத்தை மனதில் வைத்துப் படிப்பவருக்கு இது வியப்பாக இருக்கும்.

பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் ஒழுங்குவிதி மூலம் இந்தத் தொகுப்புக்கு முழுச் சட்டவலு கொடுத்தார்கள். 'யாழ்ப்பாண மாகாணத்து மலபார் குடிகள்' மீது அது செல்லும் என்றார்கள்; மலபார் என்றது தமிழரைத்தான். அதுவரை ஊருக்கு ஊர் நெகிழ்ந்துகொடுத்திருக்கக்கூடிய வழக்கம், நீதிமன்றத்தில் வரிவரியாகப் பொருள் கொள்ளப்படும் பிரதியாக இறுகியது. அடிமைமுறை 1844இல் ஒழிந்தபோது அதன் கணிசமான பகுதி செத்த எழுத்தானது. திருமணப் பதிவும் மணமுறிவும் பொதுச் சட்டத்தின் கீழ் போயின. 1907ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி பிறன்மனை உறவு, கெடுநோக்குடன் கைவிடல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு ஆகியவையே விவாகரத்துக்குக் காரணங்கள். தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கும் அவைதான். மரண சாதனம் எழுதி விரும்பியவருக்குச் சொத்தை விட்டுச்செல்லும் சுதந்திரமும் 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. தேசவழமைக்கு மிஞ்சியது சொத்து மட்டும்தான்.

திருப்பம் 1911இல் வந்தது. அவ்வாண்டின் முதலாம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் மனைவியின் சொத்தை அவளுடைய தனிச்சொத்து என்று வெளிப்படையாக அறிவித்தது. கணவனின் கடனுக்கு அது பொறுப்பாகாது. அசையும் பொருளை அவள் தன்னிச்சையாகக் கையாளலாம். மரண சாதனமும் கணவனைக் கேளாமல் எழுதலாம். ஆனால் உயிரோடிருக்கையில் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இந்த வாசகம் 1707 தொகுப்பிலிருந்து வந்ததல்ல. இலங்கையின் பொதுச் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்காக இயற்றப்பட்ட 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள் சட்டத்தில் ஏறத்தாழ இதே நிபந்தனை இருந்தது. மூலம் ஆங்கிலேயர் கச்சேரியில் இருக்கிறது. பெயர்ப்பலகை மட்டும் யாழ்ப்பாணத்துடையது. கணவன் மீதிருந்த பழைய கட்டு இதற்குள் நழுவிப்போயிருந்தது. அவனுக்கு நவீன தனியுடைமை, அவளுக்குப் பழைய கட்டுப்பாடு என்று 1911 முடிந்தது.

அதே சட்டத்தின் 3ஆம் பிரிவும் கவனிக்கத்தக்கது. தேசவழமைப் பெண் வெளியாளை மணந்தால் மணவாழ்க்கை நீடிக்கும்வரை தேசவழமையிலிருந்து நீங்குகிறாள். வெளிப்பெண் தேசவழமை ஆணை மணந்தால் அதற்குள் வருகிறாள். பெண்ணின் சட்டம் அவள் கழுத்திலேறும் தாலியோடு மாறுகிறது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க மணமான பெண்களின் சொத்துக் கட்டளைச் சட்டம் வந்தது. பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட பெண்கள் அதனால் கணவனின் சம்மதமின்றியே காணி விற்கவும் வாங்கவும் உரிமை பெற்றார்கள். தேசவழமைக்கு உட்பட்டவர்கள் அதிலிருந்து விலக்கப்பட்டார்கள். என் வாதத்தின் மையம் இதுதான்: சம்மத நிபந்தனை 1923க்குப் பிறகே 'யாழ்ப்பாணத்து வழக்கம்' ஆனது. அதற்கு முன் அது பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட பெண்களுக்கும் பொதுவான காலனிய விதி. மற்றவர்கள் கழற்றி எறிந்ததை இங்கே விட்டுவைத்ததால் அது தொன்மையின் தோற்றம் பெற்றது.

1947ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கத் திருத்தம் தேடியதேட்டத்தை மாற்றியமைத்தது. 1911 சட்டம் அதை இருவருக்கும் சமமாக உரிய பொதுச்சொத்து என்றிருந்தது. திருத்தத்துக்குப் பின், தனிச்சொத்திலிருந்து வராத பணத்தைக் கொடுத்து வாழ்க்கைத்துணை ஒருவர் மணவாழ்க்கையின்போது வாங்கியது அவருடைய தேடியதேட்டம் ஆனது. அவர் இறந்தால், மரண சாதனத்தால் வேறுவகையில் கொடுபடாததில் பாதி துணைக்கும் மறுபாதி வாரிசுகளுக்கும் போகும். அதே ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் முன்னீட்டுரிமையை, அதாவது காணி வெளியாருக்குப் போகுமுன் கேட்டு வாங்கும் உரிமையை, பங்காளிகளுக்கும் வாரிசாகக்கூடியவர்களுக்கும் வரையறுத்தது. இத்தனையும் திருத்தியவர்கள் சம்மத நிபந்தனையைத் தொடவில்லை.

1978 அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. 16ஆம் உறுப்புரையோ, அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் அப்போது நடைமுறையிலிருந்த சட்டங்கள் செல்லும் என்று காப்பளிக்கிறது. எனவே நீதிமன்றத்தில் சமத்துவ வாதத்தை வைத்து இந்த நிபந்தனையை வீழ்த்த முடியாது, நாடாளுமன்றம்தான் நீக்கவேண்டும்.

உள்நாட்டுப் போர் இந்தச் சிக்கலைக் கடுமையாக்கியது. 2009க்குப் பின் வடக்கில் கணவன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாத பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1911 சட்டத்தின் 8ஆம் பிரிவு ஒரு வழி வைத்திருந்தது: கணவன் கைவிட்டுப் போயிருந்தாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, காரணமின்றிச் சம்மதம் மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். அதற்கு வழக்குச் செலவும், காணாமல் போனவரின் நிலையைச் சொல்லும் ஆவணமும் வேண்டும். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் காணாமல் போனவர்களுக்கு இறப்புச் சான்றிதழ் பெற வழிசெய்தது. பலர் அதை வாங்க மறுத்தார்கள், வாங்கினால் தேடல் முடிந்துவிடும் என்று. 2016இல் கொண்டுவரப்பட்ட 'காணப்படாமைச் சான்றிதழ்' கணவன் இறந்ததாக ஒப்புக்கொள்ளாமலே சொத்து விவகாரங்களைக் கவனிக்க மனைவிக்கு இடம் தந்தது. கணவன் வாழும் வீட்டுப் பெண்ணுக்கோ, தன் காணியை விற்க இன்றும் அவர் கையொப்பமே வேண்டியிருக்கிறது.