இருண்ட திரையும் எழுதிய ஏடும்

சென்ற தவணையில் ஒரு நாள் எமது பாடசாலைக் கணினியொன்று விசையை அழுத்தியதும் விழித்துக்கொண்டது. ஆயினும் திரை இருண்டே நின்றது. வன்தட்டை முற்றாக அழித்து, யாவற்றையும் புதிதாக நிறுவவேண்டும் என்றனர் சிலர். அவ்வாறு செய்திருப்பின், மாணவர் மூன்றாண்டுகளாகச் சேர்த்த கட்டுரைகள் ஒருங்கே அழிந்திருக்கும். அக்கணினியில் இருப்பது லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை. அதன் வரலாற்றை அறிந்தோர் அத்துணை விரைவில் அழிக்கத் துணியார்.

லினக்ஸின் கருநிரலை 1991 ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டவர் ஹெல்சின்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் ரோர்வால்ட்ஸ். திரையிலே சாளரங்களை வரையும் எக்ஸ் என்னும் முறைமையோ அதனினும் மூத்தது. 1984 இல் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் தோன்றி, 1987 இல் பதினோராம் பதிப்பாக நிலைபெற்றது. கருநிரலும் காட்சியும் வெவ்வேறு கைகளால் ஆக்கப்பட்டவை. ஆதலின் காட்சி வீழ்ந்தபோதும் கருநிரல் இயங்கிக்கொண்டிருத்தல் கூடும். இருண்ட திரை, இறந்த கணினிக்குச் சான்றன்று.

தொடக்க காலத்தில் காட்சியைப் பெறுவதே பெரும்பாடு. திரைக்கருவியின் அதிர்வெண்களைப் பயன்படுத்துவோரே ஒரு கோப்பில் எழுதவேண்டியிருந்தது. பிழையான எண் கருவியையே பழுதாக்கக் கூடுமென்று கையேடுகள் எச்சரித்தன. பின்னர் திரையின் இயல்பை மென்பொருளே கேட்டறியும் நிலை வந்தது. 2008 இல் தொடங்கப்பட்ட வேலாண்ட், இன்று எக்ஸின் இடத்தைப் பெற்று வருகின்றது.

கணினி விழிக்கும்போது பணிகளைத் தொடக்கும் முறையும் மாறியது. முன்னர் எண்ணிட்ட ஆணைக்கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கின; ஒன்று தடைப்படின் ஏனையவை காத்து நின்றன. 2010 இல் வெளிவந்த சிஸ்டம்டி, ஒன்றையொன்று சாராத பணிகளை ஒரே வேளையில் தொடக்கியது. 2011 இல் பெடோரா அதனை ஏற்றது. டெபியனிலோ 2014 இல் கடும் வழக்கெழுந்தது. தொழினுட்பக் குழுவின் வாக்குகள் சமமாகப் பிரிய, தலைவரின் வாக்கே சிஸ்டம்டிக்குச் சார்பாக முடிவு செய்தது. இணங்காத சிலர் பிரிந்து தேவுவான் என்னும் கிளையைத் தொடங்கினர். பழைய பதிவேடுகளை எவரும் நேரே வாசிக்கலாம். சிஸ்டம்டியின் பதிவேட்டை வாசிப்பதற்கோ தனிக்கருவி வேண்டும் என்பது எதிர்த்தோரின் முறைப்பாடுகளுள் ஒன்று. ஏடு வேண்டும் என்பதில் இரு சாராரும் வேறுபட்டிலர். அதனை எழுதும் வகையிலேயே வேறுபட்டனர்.

எமது கணினிக்கு மீள்வோம். பழைய மாணவர் ஒருவர் வந்து, கொன்ட்ரோல், ஓல்ற், எஃப் 3 ஆகிய விசைகளை ஒருங்கே அழுத்தினார். வெறும் எழுத்துகள் மட்டும் கொண்ட திரையொன்று எழுந்தது. தோல்வியுற்ற பணிகள் எவையென வினவினார். பயனரை உள்ளே அழைக்கும் வாயிற்றிரைப் பணியே என விடை வந்தது. பதிவேட்டைப் புரட்டினார், வன்தட்டில் இடமில்லை என்று அதில் எழுதியிருந்தது. தேவையற்ற தற்காலிகக் கோப்புகளை நீக்கி மீளத் தொடக்கியதும் காட்சி வந்தது. கட்டுரைகளுள் ஒன்றேனும் அழியவில்லை.

அதிபராகப் பணியேற்ற நாள்முதல் யான் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் எழுதி வருகின்றேன். பாடசாலையில் குழப்பம் நேரும்போது முதலில் வாசிப்பது அதனையே. கணினியும் அத்தகையதொரு புத்தகத்தைத் தானே எழுதி வைத்திருக்கின்றது. உங்கள் இல்லத்துத் திரை இருளுமாயின், அழிக்குமுன் அதனை வாசியுங்கள்.