தந்தி மறைந்தது, சட்டம் மறையவில்லை

நெடுந்தீவுக்குச் சென்று வந்தவர்கள் அங்குள்ள கல்வேலிகளை எளிதில் மறப்பதில்லை. பவளப்பாறைக் கற்களைச் சாந்தின்றி அடுக்கி எழுப்பிய வேலிகள் அவை. “இது என் காணி, இதற்கப்பால் உன் காணி” என்று ஒவ்வொரு கல்லும் சொல்லிக்கொண்டே நிற்கிறது. வேலிக்காக வழக்காடிக் காணியையே தொலைப்பவன் என்று யாழ்ப்பாணத்தானை ஏளனம் செய்வோர் உண்டு. அந்த ஏளனத்துக்குப் பின்னால் ஒரு வறுமை மறைந்திருக்கிறது. நிலத்தைப் பரப்புக் கணக்கில் எண்ணுகிறவனுக்கு ஒரு முழ நிலமும் சோற்றுப் பிரச்சினையே. 1707ஆம் ஆண்டு ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, காணிக்கும் தோட்டத்துக்கும் தனிப்பகுதி ஒதுக்கியது இதனாலேதான்.

ஆனால், எந்தக் கல்வேலியாலும் தடுக்க முடியாத ஒன்று நம் காலத்தில் காணிக்குள் நுழைகிறது. அது வேலியைத் தாண்டுவதில்லை. வேலிக்கு மேலே செல்கிறது. அதுதான் மின்கம்பி.

உள்நாட்டுப் போரின்போது தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த குடாநாடு, வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வழியாகச் சுன்னாகம் வரை இழுக்கப்பட்ட 132 கிலோவோல்ட் கம்பியால் மீண்டும் இணைக்கப்பட்டது. ஒரு கம்பிக்கு எவ்வளவு நிலம் வேண்டும்? இந்திய அளவீட்டின்படி, 132 கிலோவோல்ட் கம்பியின் பாதை 27 மீட்டர் அகலம். நூறு மீட்டர் நீளத்துக்கு மட்டும் கணக்கிட்டாலே பத்துப் பரப்புக்கு மேல் வருகிறது. அதன் அடியில் பனையோ தென்னையோ உயர்ந்து வளரக்கூடாது, வீடும் கட்டக்கூடாது. உறுதியில் மட்டும் பெயர் மாறுவதில்லை.

இங்கேதான் சட்டத்தின் நுட்பம் இருக்கிறது. இலங்கையின் 1950ஆம் ஆண்டுக் காணி எடுத்தற் சட்டப்படி அரசு நிலத்தை எடுத்தால், நிலம் போகும், விலை வரும். மின்கம்பிக்கோ அது தேவையில்லை. 2009ஆம் ஆண்டின் இலங்கை மின்சாரச் சட்டம், உரிமையாளர் இணங்காவிடின் பிரதேச செயலாளரிடம் விண்ணப்பித்து வழியுரிமை பெற வகை செய்தது. காணி உம்முடையதே, வழி மட்டும் எம்முடையது! இந்த வாதம் எங்கே பிறந்தது? அதை அறியப் பாக்கு நீரிணையைக் கடந்து, இந்தியச் சட்டவரலாற்றைப் புரட்டவேண்டும்.

1885ஆம் ஆண்டு பிரிட்டிஷ் இந்திய அரசு தந்திச் சட்டத்தை இயற்றியது. தந்திக்கம்பியை எவர் நிலத்தின் மேலும் இழுக்கலாம். அரசுக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமை மட்டுமே. இயன்றவரை குறைந்த சேதமே விளைவிக்கவேண்டும். விளைந்த சேதத்துக்கு முழு இழப்பீடு தரவேண்டும் என்றது அதன் பத்தாம் பிரிவு. உரிமையாளன் தடுத்தால் மாவட்ட நடுவர் அனுமதி வழங்குவார். அதன்பின்னும் தடுப்பது குற்றம் என்றது பதினாறாம் பிரிவு. இழப்பீட்டுத் தொகை போதவில்லையென்றால் மாவட்ட நீதிபதியிடம் முறையிடலாம். “இவ்வழியே வரத்தான் வேண்டுமா?” என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

இது மெல்லிய தந்திக்கம்பிக்காக எழுதப்பட்ட சட்டம். 1910ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், இதே அதிகாரத்தை மின்சாரத்துக்கும் வழங்க இடமளித்தது. 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் கோவை ஆலைகளை இயக்கத் தொடங்கியது. நாடு விடுதலை பெற்றது, கம்பி தடித்தது, கோபுரம் உயர்ந்தது. ஆயினும் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவிலும் அந்த 1885ஆம் ஆண்டு அதிகாரமே தொடர்ந்தது.

நிலம் உடையோர் நீதிமன்றப் படியேறாமல் இல்லை. கேரள மின்வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கொன்றில் 2007இல் உச்சநீதிமன்றம் சற்று இரங்கியது. மரத்தின் விலையோடு கணக்கை முடித்துவிட முடியாது. கம்பி நிலத்தின் ஓரத்தில் போகிறதா, நடுவே போகிறதா, நிலம் எங்கே இருக்கிறது என்பனவெல்லாம் பார்க்கப்படவேண்டும் என்றது. ஆனால் 2016 டிசம்பரில், ஒரு சிமெண்டு நிறுவனம் தன் சுண்ணாம்புக்கல் நிலத்துக்காகத் தொடுத்த வழக்கில், 164ஆம் பிரிவின் அதிகாரம் பெற்ற நிறுவனம் உரிமையாளரின் முன்சம்மதம் பெறவேண்டியதில்லை என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெருமுதலாளிக்கே கதவு அடைபட்டதென்றால், இரண்டு ஏக்கர் உழவனின் கதி என்ன?

அவன் வீதிக்கு வந்தான். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை 6000 மெகாவாட் மின்சாரம் கொண்டுவரும் 800 கிலோவோல்ட் கம்பியையும் பிற உயர்மின் கோபுரங்களையும் எதிர்த்து, 2018 டிசம்பரில் கொங்கு மாவட்ட உழவர்கள் உண்ணாவிரதம் இருந்தனர். மின்சாரம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. சாலையோரமாக நிலத்தடியில் கொண்டுசெல்லுங்கள் என்றனர். முடியாத காரியம் என்று அதிகாரிகள் தலையசைத்தனர். ஆனால் 2021இல் தொடங்கிவைக்கப்பட்ட புகளூர்–திருச்சூர் கம்பியில், கேரளத்தின் வடக்கஞ்சேரியிலிருந்து திருச்சூர் வரையுள்ள பகுதி, ஏறத்தாழ 27 கிலோமீட்டர், நிலத்தடியிலேயே செல்கிறது! முடியாதது எது? பொறியியலா, மனமா?

போராட்டம் வீண்போகவில்லை. 2015இல் மத்திய அரசின் வழிகாட்டுதல், கோபுர அடிநிலத்துக்கு நிலமதிப்பில் 85 விழுக்காடும், கம்பிப் பாதைக்கு அதிகபட்சம் 15 விழுக்காடும் என்றது. 2024இல் அது முறையே 200 விழுக்காடாகவும், கிராமப்புறத்தில் 30 விழுக்காடாகவும் உயர்ந்தது. எனினும் அது மாநிலங்களுக்கான வழிகாட்டுதலேயன்றிக் கட்டளை அன்று. அன்றியும், உயர்ந்தது விலைதான். உழவனின் குரல் அல்ல.

வரலாற்றின் கேலியைப் பாருங்கள். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் தந்திச் சட்டத்தை நீக்க வழிசெய்தது. ஆனால் அச்சட்டமே, மின்கம்பி இழுப்பதற்கு மட்டும் பழைய சட்டத்தின் மூன்றாம் பகுதி தொடர்ந்து செல்லும் என்று விலக்கு வைத்தது. தந்தி செத்தது, உழவன் நிலத்தின் மேல் அதன் ஆவி மட்டும் உலவுகிறது.

இனி நம் தீவுகளுக்குத் திரும்புவோம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்குமான காற்று–சூரிய மின்திட்டம் 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. 2022 மார்ச்சில் இந்திய நன்கொடைத் திட்டமாக மாறியது. இரண்டு பேரரசுகளின் பாதுகாப்புக் கவலையை உலகப் பத்திரிகைகள் எழுதின. காற்றாலையின் கீழும் கம்பியின் கீழும் யார் காணி கிடக்கும் என்று எத்தனை பத்திரிகைகள் கேட்டன?

தீவு மக்களுக்கு வெளிச்சம் வேண்டும். அதில் இரு கருத்தில்லை. டீசல் இயந்திரத்தை நம்பி வாழ்ந்தவர்களுக்கு இருளின் விலையை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஊர் முழுவதற்கும் வரும் வெளிச்சத்தின் செலவை, கம்பியின் கீழ் காணி வைத்திருந்த ஒருவன் மட்டும் ஏன் சுமக்கவேண்டும்? பாதையை வரைபடத்தில் கீறுவதற்கு முன்பே அவனைக் கேட்கவேண்டும். கம்பி தொங்கும் காலம் முழுவதும் ஆண்டுதோறும் வாடகை தரவேண்டும். இவை சலுகைகள் அல்ல, நியாயங்கள். வேலிக்கு மேலே போவதையும் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவதே மனிதப் பண்பு.