டில்லி மூடிய கதவும் கொழும்பு திறந்த கதவும்

சினிமாப் பாட்டை விரும்பிக் கேட்பவன் சங்கீதம் அறியாதவன் என்னும் எண்ணம், சபாக்களின் முன்வரிசை நாற்காலிகளில் நெடுங்காலம் வீற்றிருந்த எண்ணமாகும். தனி மனிதர் ஒருவரின் அபிப்பிராயமாக இருக்கும்வரை அதனால் எவருக்கும் நட்டமில்லை. அவ்வெண்ணமே ஒரு பெரிய நாட்டின் அரசாங்கக் கொள்கையாகி, வானொலி நிலையங்களுக்கு இடப்பட்ட கட்டளையாகவும் ஆயிற்று. அது நிகழ்ந்தது இந்தியாவில், 1952-ஆம் ஆண்டில்.

அவ்வாண்டு செய்தி ஒலிபரப்புத் துறையின் அமைச்சராகப் பொறுப்பேற்றவர் டாக்டர் பி. வி. கேஸ்கர். மராட்டியர், பாரிஸ் நகரில் பயின்று பட்டம் பெற்றவர், இந்துஸ்தானி இசையில் துருபத் முறையில் பயிற்சியும் உடையவர். 1962 வரை, ஏறத்தாழப் பத்தாண்டுகள், அப்பதவியில் இருந்தார். இசையறிவு உடைய ஒருவர் இசையை ஆளும் அமைச்சராக வாய்ப்பது அரிது. வாய்த்தது நன்மையா தீமையா என்பதில்தான் இசை வரலாற்றாசிரியர்கள் ஒருமைப்படவில்லை.

கேஸ்கரின் கவலை பொய்க் கவலை அன்று. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் சுதேச சமஸ்தானங்கள் மறைந்தன. ஜமீன்தாரி முறையும் ஒழிந்தது. மைசூரும் திருவாங்கூரும் பரோடாவும் குவாலியரும், தமிழகத்தில் இராமநாதபுரமும் எட்டயபுரமும் போன்ற அரண்மனைகள் தலைமுறை தலைமுறையாக வித்துவான்களுக்குச் சோறிட்டவை. அரண்மனை போனபின் அந்த வித்துவான் எங்கே போவான்? கிராமபோன் கம்பெனிக்குப் போனால், 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் மட்டுமே ஓடும். ஓர் இராக ஆலாபனை கண் விழிப்பதற்குள் தட்டு முடிந்துவிடும். திரைப்பாட்டோ அந்த மூன்று நிமிடத்துக்கென்றே அளந்து தைத்த சட்டை. ஆகவே விற்பனைச் சந்தையில் இவ்விரண்டுக்கும் நியாயமான போட்டி என்பது இல்லை. அரசர்கள் விட்ட இடத்தை அரசாங்கம் நிரப்ப வேண்டும், அதற்கு வானொலியே கருவி என்று கேஸ்கர் கருதினார். இதுவரை அவர் சொன்னதில் குறை காண்பது கடினம்.

குறை, அடுத்த படியில் இருந்தது. திரையிசை மலிவானது, மேனாட்டு மெட்டுகளைக் கலந்து கெட்டது, இளைஞரின் செவியைப் பாழாக்குவது என்று அவர் முடிவு கட்டினார். முதலில் அவர் முழுத் தடை விதிக்கவில்லை. நிகழ்ச்சி நேரத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் திரைப்பாட்டு கூடாது; அதுவும் பொறுக்கி எடுத்ததாக இருக்க வேண்டும்; பாடியவர் பெயரைச் சொல்லலாம், படத்தின் பெயரைச் சொல்லலாகாது. படத்தின் பெயரைச் சொன்னால் அது விளம்பரமாகிவிடுமாம்! பட முதலாளிகளுக்கு இது பொறுக்கவில்லை. தங்கள் பாட்டுகளை ஒலிபரப்ப அளித்திருந்த உரிமையை அவர்கள் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சில மாதங்களில் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டு அறவே நின்றது. இருபுறத்தாரும் விட்டுக்கொடுக்கவில்லை, நடுவில் நின்ற நேயருக்குத்தான் பாட்டு இல்லாமல் போயிற்று.

ஆனால் நேயர் சும்மா இருக்கவில்லை. வானொலிப் பெட்டியின் முள்ளைச் சற்றே திருப்பினார், கொழும்பு பேசியது.

கொழும்பின் குரலுக்கு அத்தனை வலு வந்த கதை, சிங்கப்பூரோடும் தொடர்புடையது. இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் தலைமையில் இயங்கிய தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் 1944-இல் கண்டியில் அமைந்தது. பர்மா முதல் மலாயா வரை பரவிய படையினரின் செவிக்கு எட்டவேண்டி, கொழும்புக்கு அருகே ஏக்கலவில் 100 கிலோவாட் ஆற்றலுள்ள சிற்றலை ஒலிபரப்பி ஒன்று நிறுவப்பட்டது. 1945 செப்டம்பர் 12-ஆம் நாள் சிங்கப்பூர் நகரமண்டபத்தில் ஜப்பானியர் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டனர். தலைமையகமும் பிறகு சிங்கப்பூருக்கு மாறியது. போருக்கென்று வந்த ஒலிபரப்பி மட்டும் இலங்கையிலேயே தங்கி, 1949-இல் இலங்கை அரசின் உடைமையாயிற்று. மறு ஆண்டே இலங்கை வானொலி வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியது. சிறிய தீவுக்கு அவ்வளவு பெரிய குரல் தேவையில்லை. இந்தியா முழுவதும் கேட்கும் குரல் கையில் இருந்தது. இந்தியாவிலோ பாட்டுக்குப் பஞ்சம்.

1952 டிசம்பரில் 'பினாகா கீத்மாலா' என்னும் இந்தித் திரைப்பாட்டு நிகழ்ச்சி கொழும்பிலிருந்து ஒலிக்கத் தொடங்கியது. பற்பசைக் கம்பெனியின் விளம்பர நிகழ்ச்சிதான் அது. அமீன் சயானி என்னும் இளைஞர் பம்பாயில் பேசி ஒலிப்பதிவு செய்ய, அப்பதிவு விமானமேறிக் கொழும்பு சென்று, அங்கிருந்து அலைவழியே மீண்டும் பம்பாய்க்கு வந்து சேரும். தன் ஊர்ப் பாட்டைக் கடல் கடந்து போய்க் கேட்க வேண்டிய விந்தை வேறெங்கும் நடந்திராது. தமிழ் நேயர்களுக்கு எஸ். பி. மயில்வாகனனின் குரல் வீட்டுக் குரலாயிற்று. சென்னை, திருச்சி நிலையங்களின் வாசற்படியில் இருந்த தேநீர்க் கடைகளிலும் இலங்கை வானொலியே ஒலித்தது. பத்து வீட்டில் ஒன்பது வீட்டார் கொழும்பைக் கேட்கிறார்கள், பத்தாவது வீட்டில் பெட்டி பழுது என்று அக்காலத்தில் ஒரு வேடிக்கைப் பேச்சு வழங்கியது.

கேஸ்கர் வகுத்த எல்லைக்கோடு தமிழ்நாட்டில் எவ்வளவு பொருந்தாதது என்பதற்குப் பாபநாசம் சிவன் ஒருவரே போதும். சபையில் பாடப்பட்டால் அவர் இயற்றியது கீர்த்தனை; அவரே 1944-இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' படத்துக்கு எழுதினால் அது சினிமாப் பாட்டு. அப்படத்தில் தியாகராஜ பாகவதர் சாருகேசி இராகத்தில் பாடிய பாட்டால், கச்சேரி மண்டபத்தின் படியை ஒருநாளும் மிதித்திராத வண்டிக்காரரும் அந்த இராகத்தின் சாயலை அறிந்தார். ஜி. என். பாலசுப்பிரமணியமும் எம். எஸ். சுப்புலட்சுமியும் 'சகுந்தலை'யில் நடித்தது 1940-இல். தண்டபாணி தேசிகர் நந்தனாராக நடித்தது 1942-இல். பாட்டைப் பாட்டாகக் கேட்காமல், அது எந்த வாசல் வழியே வந்தது என்று கேட்ட ஒரு கொள்கைக்கு இவர்களை எந்தப் பட்டியலில் எழுதுவது என்பதே தெரியாது.

வாசலைப் பார்க்கும் வழக்கத்தைக் கேஸ்கர் தொடங்கவில்லை என்பதையும் கூறவேண்டும். ஆர்மோனியத்துக்கு 1940 மார்ச்சு மாதமே கதவு அடைக்கப்பட்டுவிட்டது. டில்லி நிலையத்தில் மேனாட்டிசைப் பகுதியைக் கவனித்த ஜான் ஃபௌல்ட்ஸ் என்னும் ஆங்கிலேயர், இந்திய இசையின் கமகத்துக்கும் நுண்சுருதிக்கும் கட்டை வைத்த இப்பெட்டி பகை என்று எழுதினார். தாகூருக்கும் அதன்மேல் வெறுப்பு. இசை இலக்கணப்படி அவர்கள் சொன்னதில் உண்மை உண்டு. ஆயினும் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் ஊர் ஊராகச் சென்றது அந்தப் பெட்டியின் துணையோடுதான். 1946-இல் வல்லபபாய் பட்டேல் துறைப் பொறுப்பில் இருந்தபோது, ஒழுக்கத்தைக் காரணம் காட்டிப் பாடகிகள் பலர் விலக்கப்பட்டனர். பரம்பரையாக இசையைக் காத்துவந்த பெண்கள் அவர்கள்! சந்தையில் விலைபோகாத இசையைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள், அதைப் பாடத் தெரிந்தவர்களுள் ஒரு பகுதியை வெளியே நிறுத்திவிட்டார்கள். பின்னர்க் கேஸ்கர் காலத்தில் இரதஞ்சன்கர் போன்ற இசைப் பேராசிரியர்களைக் கொண்டு வித்துவான்களைச் சோதித்துத் தரம் பிரித்ததும் பெருங் கசப்பை விளைத்தது. பல்லாண்டு மேடையேறிய முதியவரைத் தேர்வுக்கு அழைப்பது எளிதில் விழுங்கத் தக்கதன்று.

இத்தனையும் சொல்லி, அந்தப் பத்தாண்டின் பயனைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. 1952-இலேயே சனிக்கிழமை இரவுகளில் தேசிய இசை நிகழ்ச்சி தொடங்கியது. இந்துஸ்தானி வித்துவானைத் தஞ்சாவூரிலும் கருநாடக வித்துவானை இலட்சுமணபுரியிலும் ஒரே இரவில் கேட்கும் வாய்ப்பு அதற்குமுன் எவருக்கும் கிட்டியதில்லை. இரவிசங்கரும் டி. கே. ஜயராமய்யரும் நடத்திய வாத்திய விருந்தா என்னும் குழுவும் அவ்வாண்டிலேயே பிறந்தது. 'நிலைய வித்துவான்' என்று ஒரு புதிய இனமே உண்டாயிற்று. நிகழ்ச்சிக்கும் நிகழ்ச்சிக்கும் இடையே மிஞ்சிய ஐந்து நிமிடத்தை நிரப்புபவர் என்று அவரைப் பரிகசித்தவர் உண்டு. மாதச் சம்பளத்தோடு வீணையையும் சாரங்கியையும் கையில் வைத்திருக்க அவருக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதைப் பரிகசித்தவர் எண்ணிப் பார்க்கவில்லை.

விசயவாடா நிலையத்தில் பணிபுரிந்த ஓலேட்டி வெங்கடேசுவரலு இதற்கு நல்ல சான்று. 1928-இல் பிறந்து 1989-இல் மறைந்த அவரைச் சென்னைச் சபாக்கள் அதிகம் கேட்டதில்லை. வானொலி வழியே கீர்த்தனைகளைக் கற்பித்தார். அவருடைய வானொலிப் பதிவுகளை ஆந்திர இரசிகர்கள் புதையல்போல் போற்றினர். வடக்கில் கிரானா மரபின் அப்துல் வாகித் கான் இசைத்தட்டுக்குப் பாட உடன்படாதவர். 1949-இல் அவர் இறந்தபின் எஞ்சியவை வானொலியில் பாடியபோது பதிவான ஒருசில இராகங்களே. அவை இல்லையேல் அவருடைய நிதானமான தர்பாரி கானடா, கேட்டவர்களின் நினைவோடு அழிந்திருக்கும்.

இவ்விரு கலைஞரையும் காத்தது ஒலிவாங்கியும் நேரமும். திரைப்பாட்டைத் துரத்தியதால் அவர்களுக்குக் கிடைத்தது எதுவும் இல்லை. வாகித் கான் பாடியது தடைக்கு முந்திய காலம். வெங்கடேசுவரலு பாடியதில் பெரும்பகுதி தடை தளர்ந்த பின்பு. திரைப்பாட்டு இல்லாத அந்த ஆண்டுகளில் கொழும்புக்குப் போய்விட்ட நேயர் தேசிய நிகழ்ச்சியைக் கேட்கத் தற்செயலாகவேனும் டில்லியின் பக்கம் முள்ளைத் திருப்பும் வாய்ப்பும் குறைந்தது. பாட்டுக்காகப் பெட்டியைத் திறந்தவன் அடுத்து வரும் வீணையையும் கேட்டிருக்கக் கூடும். அந்த வழியைத் தடையே அடைத்துவிட்டது.

1957 அக்டோபரில் டில்லி இறங்கிவந்தது. நரேந்திர சர்மா என்னும் இந்திக் கவிஞரின் பொறுப்பில் 'விவித பாரதி' என்னும் பல்சுவை ஒலிபரப்பு தொடங்கித் திரைப்பாட்டுக்கு மீண்டும் இடம் தந்தது. கேஸ்கர் அப்போதும் அமைச்சராகவே இருந்தார். ஆர்மோனியம் 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதவி நீங்கிய கேஸ்கர், இந்திய இசையின் பிரச்சினைகளையும் எதிர்காலத்தையும் பற்றிய தம் கட்டுரைகளை 1967-இல் நூலாக வெளியிட்டார். படத்தின் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும் என்று ஒருகாலத்தில் அஞ்சிய வானொலி, அதே 1967-இல் விவித பாரதியில் காசு வாங்கி விளம்பரம் ஒலிபரப்பத் தொடங்கியது.