உள்ளே எத்தனை பேர்

தீயணைப்பு வண்டியிலிருந்து இறங்கியவர் முதலில் கேட்டது தண்ணீரைப் பற்றி அல்ல. மின்சாரத்தைத் துண்டித்தாயிற்றா என்றுகூட இரண்டாவதாகத்தான் கேட்டார். "உள்ள எத்தன பேரு?" என்பதுதான் முதல் கேள்வி. கே.கே. நகரில் எங்கள் தெருவில், சென்ற பங்குனியில் ஒரு மத்தியானம், நாலாவது வீட்டு மொட்டை மாடியில் போட்டிருந்த கீற்றுக் கொட்டகை பற்றிக்கொண்டது. தெரு முழுக்கக் கூடியிருந்தோம். ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர், இரண்டு வக்கீல்கள் (மாவட்ட நீதிமன்றம் மேலூர் சாலையில் பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் பகுதியில் வக்கீல்களுக்குப் பஞ்சமில்லை), வங்கிக்காரர்கள், நான். பன்னிரண்டு வருஷங்களாக அந்தத் தெருவில் இருக்கிறேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்காரர் பதில் சொன்னார். தன் குடும்பத்து நாலு பேரையும் விரல் மடக்கி எண்ணிக் காட்டி, நாலு பேரும் வெளியே வந்துவிட்டதாகச் சொன்னார். அது பொய் இல்லை. மாடிக் கொட்டகையில் வாடகைக்கு இருந்த இஸ்திரிக்காரர் குடும்பம் அவருடைய கணக்கில் ஒருபோதும் இருந்ததில்லை, அவ்வளவுதான். தெருமுனையில் பூ விற்கிற அம்மாள்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "மாடியில ரெண்டு பிள்ளைகளும் அப்பத்தாளும் இருக்காக சார்" என்றாள். பின்சுவரில் ஏணி சார்த்தி மூவரையும் இறக்கினார்கள். கிழவிக்கு முழங்கையில் தீக்காயம். பெரிய சேதம் என்று பத்திரிகை எழுத எதுவும் இல்லை. எழுதவும் இல்லை.

இது ஒரு சம்பவம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நெருப்பைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றை அந்த ஒரு கேள்வியோடு திரும்பப் படிக்கலானேன்.

மதுரைக்காரன் என்பதால் சிலப்பதிகாரத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது. ஊர் எரிகிற காட்சியை இளங்கோ மிகுந்த ஒழுங்குடன் சொல்கிறார். யாரை விட்டுவிடவேண்டும் என்று தீக்கடவுளுக்குக் கண்ணகி பட்டியல் தருகிறாள்: அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள். நான்கு வருணப் பூதங்களும் ஊரைவிட்டுப் போகின்றன. பசுவும் கன்றும் ஆயர் தெருவுக்குப் போய்ச் சேர்கின்றன. யானையும் குதிரையும் மதிலுக்கு வெளியே போகின்றன. கூலக்கடைத் தெரு கலங்குகிறது. விலங்குகள் போன திசைகூட நமக்குத் தெரியும். எரிந்தவர் எத்தனை பேர் என்பது மட்டும் தெரியாது. அந்தக் காப்பியத்தில் எண்ணப்பட்ட சாவு வேறொன்று. உரைபெறு கட்டுரையில் வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குச் சாந்தி செய்யக் கொன்ற பொற்கொல்லர்கள் ஆயிரம் பேர். பரிகாரத்துக்குக் கணக்கு இருக்கிறது, தீக்கு இல்லை. எரிந்தது தீயோர் பக்கம் என்று முன்கூட்டியே தீர்ப்பாகிவிட்டதால் எண்ணவேண்டிய அவசியம் எழவில்லை என்று நினைக்கிறேன்.

இதே காப்பியத்தில் ஒரு சாட்சியும் உண்டு. வெள்ளியம்பலத்தில் நள்ளிரவில் படுத்துக் கிடந்தபோது மதுரைத் தெய்வம் கண்ணகியிடம் பேசியதைக் கேட்டதாகப் பதிகத்தில் சாத்தன் சொல்கிறார். ஊரில் இருந்தவர் அவர். ஆனால் அவர் கேட்டது தெய்வத்தின் விளக்கம். ஏன் எரிந்தது, எந்தப் பிறவியின் வினை என்பது. பக்கத்து வீட்டிலிருந்து வந்த குரல் எதையும் அவர் நமக்குச் சொல்லவில்லை.

1968 டிசம்பர் 25 இரவு அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் கண்ணகியின் பட்டியல் தலைகீழானது. விடப்பட வேண்டியவர்கள் என்று அவள் சொன்ன முதியோரும் பெண்களும் குழந்தைகளும்தான் அங்கே எரிந்தார்கள். பின்னணி தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள், செங்கொடி ஏற்றினார்கள். நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று மிராசுதார்கள் ஓர் அமைப்பு வைத்திருந்தார்கள். அதன் தலைவர் இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு. அன்று மாலை நடந்த மோதலில் மிராசுதார் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்டார். இரவில் அடியாட்களுடன் வந்து சேரியைத் தாக்கினார்கள். ஓட முடிந்த ஆண்கள் வயலில் ஒளிந்தார்கள். ஓட முடியாதவர்கள் ராமையாவின் குடிசைக்குள் நுழைந்தார்கள். ஒரு சின்னஞ்சிறு கீற்றுக் குடிசை. அதைப் பூட்டித் தீ வைத்தார்கள். குழந்தையாவது பிழைக்கட்டும் என்று உள்ளிருந்து வெளியே எறிந்ததையும் அது திரும்ப உள்ளே எறியப்பட்டதையும் பிழைத்தவர்கள் சொன்னார்கள்.

நீதிமன்றக் காகிதங்களில் இறந்தவர்கள் 42 பேர். ஊரில் நினைவுச் சின்னத்தில் பெயர்கள் 44. இந்த இரண்டு பேர் வித்தியாசத்தைப் பலரும் எழுத்துப் பிழைபோல் கடந்துபோகிறார்கள். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. அதிகாரியின் கணக்கு சாம்பலில் கிடைத்ததிலிருந்து தொடங்குகிறது. தெருக்காரனின் கணக்கு நேற்று இருந்தவர்களிடமிருந்து தொடங்குகிறது. யாருக்கு எத்தனை பிள்ளை, எவள் வீட்டுக்கு யார் விருந்தாளியாக வந்திருந்தார்கள் என்பதெல்லாம் காலையில் கிணற்றடியில் தெரிந்துவிடுகிற விஷயம். பொதுவாகத் தீ விபத்தில் அந்த இரண்டாவது கணக்கைச் சொல்ல அண்டைவீட்டார் வெளியே நிற்பார்கள். வெண்மணியில் அண்டைவீட்டாரும் குடிசைக்குள்ளேயே இருந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் வயலில் இருந்து பார்த்தார்கள்.

அப்படிப் பார்த்தவர்களின் வார்த்தைக்கு என்ன ஆயிற்று? வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 23 பேர். 1970இல் செஷன்ஸ் நீதிமன்றம் நாயுடு உள்பட எட்டுப் பேருக்குத் தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களையும் விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பின் தர்க்கம் இன்றும் படிக்கத் தகுந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லோருமே மிராசுதார்கள், பெரும்பாலோர் நிறைய நிலமுள்ள பணக்காரர்கள், முதல் எதிரி காரே வைத்திருப்பவர். இப்படிப்பட்டவர்கள் ஆட்களை ஏவிவிட்டுப் பின்னால் இருப்பார்களேயன்றித் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்பது அதன் சாரம். அதாவது, கண்டதாகச் சொன்னவர்களின் கண்ணைவிடப் பணக்காரன் எப்படி நடந்துகொள்வான் என்பதைப் பற்றி நீதிபதிகளுக்கு இருந்த கற்பனை உறுதியான சாட்சியமாயிற்று. நாயுடு 1980 டிசம்பரில் கொலையுண்டார். அது வேறு கதை. 1971இல் வந்த சட்டம் விவசாயத் தொழிலாளிக்கு அவன் குடிசை நிற்கிற மனையை உரிமையாக்கியது. அதுவரை குடிசை எரிந்தால் எரிந்தவனுடையது கீற்று மட்டும்தான், மண் மிராசுதாருடையது என்பதையும் இங்கே நினைவில் வைக்கவேண்டும்.

நம் எழுத்தாளர்கள் என்ன செய்தார்கள்? ஞானக்கூத்தன் ஒரு சிறு கவிதை எழுதினார். அது அதன் அளவில் சரி. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1975இல் வந்து 1977இல் சாகித்ய அகாதெமி பரிசும் பெற்றது. தில்லியிலிருந்து வந்த படித்தவர்களின் கண் வழியாகத்தான் அந்தக் கிராமம் அதில் தெரிகிறது. பண்ணையாரின் ஆண்மைக் குறைவில் காரணம் தேடியது பற்றி அப்போதே சண்டை நடந்தது. என் குறை வேறு. தீ வைத்தவன் மனத்துக்குள் என்ன இருந்தது என்று நாவல் அவ்வளவு தூரம் போகிறது. குடிசைக்குள் யார் இருந்தார்கள் என்று அவ்வளவு தூரம் போகவில்லை. சாத்தன் மதுரைத் தெய்வத்திடம் கேட்டுக்கொண்டதைப் போல நாவலாசிரியர் ஃபிராய்டிடம் கேட்டுக்கொண்டார் என்று சொன்னால் அது அநியாயமாக இருக்கலாம், ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. பின்னால் வந்த பாரதி கிருஷ்ணகுமாரின் ஆவணப்படத்துக்கு 'ராமையாவின் குடிசை' என்று பெயர். வேறு எதற்காக இல்லாவிட்டாலும் அந்தத் தலைப்புக்காக அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அது ஒரு விலாசம். பிழைத்தவர்களே அதில் பேசுகிறார்கள்.

வெண்மணியையும் எங்கள் தெரு நெருப்பையும் ஒரே தராசில் வைக்கவில்லை. அங்கே கொலை, இங்கே ஏதோ மின்கசிவு. ஆனால் எங்கள் வீட்டுக்காரர் விரல் மடக்கி எண்ணியதை நான் பார்த்தேன். நாலில் நின்ற அந்த விரல்களில் வன்மம் இல்லை. தாசில்தார், வக்கீல்கள், நான் எல்லோரும் அந்த நாலை ஏற்றுக்கொண்டு நின்றோம். வாரா வாரம் என் சட்டைகளைத் தேய்த்துக் கொடுத்தவரின் வீட்டில் எத்தனை பேர் என்று அந்த நிமிஷம் வரை நான் கேட்டதில்லை.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது தகரம் போட்டாயிற்று. ஆள் வைக்கவில்லை. இஸ்திரி வண்டியும் தெருவுக்கு வருவதில்லை. போன வாரம் பூக்கார அம்மாளிடம் கேட்டேன். ஒத்தக்கடைப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னாள். வீட்டில் எத்தனை பேர் என்றேன்.

"அஞ்சு பேரு" என்றாள், பூவை முழம் போட்டுக்கொண்டே.